புகைக்கு நின்றவர்கள்

புன்னைத்துறையில் காயத்துக்குச் சூடு வைத்தால் ரத்தம் நிற்கும், கூடவே ஒரு ஞாபகமும் புகையாக வெளியே போய்விடும் என்பது, கடல் கரிக்கும் என்பதைப் போல, யாரும் யாருக்கும் எடுத்துச் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்த விஷயமாக இருந்தது. எப்போதிருந்து என்று கேட்டால் மட்டும் ஆளுக்கொரு வருஷம் சொல்வார்கள். கோவிலுக்கு இரண்டாவது கோபுரம் எழும்பிய வருஷம் என்பார்கள் சிலர், பாய் போய் எஞ்சின் வந்த வருஷம் என்பார்கள் சிலர். ஆனால் முதல் புகை பிச்சையா பர்னாந்தின் புகை என்பதில் மட்டும் இரண்டு பேச்சு கிடையாது. தூண்டில் கயிறு அறுத்து, பெருவிரல் வெள்ளரிப்பிஞ்சு மாதிரிப் பிளந்து கரையேறிய பிச்சையாவுக்கு, என்ன கட்டியும் ரத்தம் நிற்காமல் போகவே, படகு ஆணி ஒன்றைப் பழுக்கக் காய்ச்சி வைத்தார்கள். சுர்ரென்று எழுந்த புகையில் சதை கருகும் வாடை இல்லை. கஞ்சி போட்ட புதுச்சட்டை வாடையும் மெழுகுவத்தி வாடையும்தான் இருந்தது. சுற்றி நின்ற ஏழு பேரில் ஒருத்தருக்குத் தன் கையில் மெழுகுவத்தி உருகிச் சுட்ட ஞாபகம் வந்தது, ஒருத்தருக்கு இடுப்பில் நிற்காத கால்சட்டையின் ஞாபகம், ஒருத்தருக்குப் பூசை முடிந்து கிடைத்த சீனி பிஸ்கட்டின் ஞாபகம். பிச்சையாவுக்கு மட்டும் அன்றிலிருந்து சிறுவயதில் முதல்முறை நற்கருணை வாங்கிய புதுநன்மை நாள் என்று ஒன்று இல்லாமலே போய்விட்டது. அந்த ஏழு பேரும் சாகும்வரை, எது முதலில் எது பின்னால் என்று சண்டை போட்டுக்கொண்டே, அதைத் துண்டு துண்டாக அவருக்குத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் ஊர் அதற்கொரு ஒழுங்கு செய்துகொண்டது. ஞானஸ்நானத்துக்கு ஞானத்தாய் நிற்பதுபோல, சூட்டுக்கு ஒருவர் நிற்க வேண்டும். அவருக்குப் 'புகைக்கு நிற்கிறவர்' என்று பெயர். சூடு வைக்கிற அறையில் சன்னலைச் சாத்த வேண்டும், மின்விசிறியை அணைக்க வேண்டும், நிற்கிறவர் மட்டும் குனிந்து புகையை இழுத்துக்கொள்ள, மற்றவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு வருஷமும் மாதா திருவிழாக் கொடியேற்றம் முடிந்த மறுநாள், கோவில் முற்றத்தில் எதிரெதிராக இரண்டிரண்டு நாற்காலிகள் போட்டு, புகைக்கு நின்றவர்கள் சூடுபட்டவர்களுக்கு அவர்களுடைய ஞாபகத்தைச் சொல்லிக் கொடுப்பார்கள். சொல்லிக் கேட்பது சொந்தமாக நினைப்பதற்கு ஈடாகாதுதான். ஆனாலும் வெள்ளை வேட்டியும் எண்ணெய் வைத்த தலையுமாக வயதானவர்கள் வந்து உட்கார்ந்து, "நீ அன்னைக்கு என்ன அழுகை அழுதே தெரியுமாலே" என்று கேட்டுக் கண் கலங்குவதைப் பார்ப்பதற்கென்றே வெளியூர்ச் சம்பந்திகள் பஸ் பிடித்து வருவார்கள். புகையில் தெரிந்தது பாவசங்கீர்த்தனத்தில் தெரிந்ததற்குச் சமம், சூடுபட்டவரைத் தவிர வேறு யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று பங்குச்சாமியார் ஒருவர் பிரசங்கத்தில் தீர்த்துச் சொன்னதும் அந்தக் காலத்தில்தான்.

எது போகும் என்பதற்கும் ஒரு வழி இருந்தது. கைக்குச் சூடு வைத்தால் கை பிடித்தது போகும், காலுக்கு வைத்தால் கால் நடந்தது போகும். மூலத்துக்கு டவுன் ஆஸ்பத்திரியில் கரண்டு ஊசியால் சூடு வைத்துக்கொண்டு வந்த தொம்மைக்கு, கல்யாணத்தன்று உட்கார்ந்த நாற்காலி மறந்து, நாற்காலியோடு கல்யாணமும் மறந்துபோயிற்று. "அப்ப நான் ஒமக்கு யாரு, விருந்தாளியா?" என்று அவர் பெண்சாதி வாசலில் நின்று கேட்டது தெருக்கோடிவரை கேட்டது. டவுனில் புகைக்கு நிற்க யாரையும் உள்ளே விடுவதில்லை. சுவரில் வைத்த ஒரு காற்றாடி புகையை உறிஞ்சித் தெருவில் தள்ளிவிடும். "பஸ் ஸ்டாண்டுல பஜ்ஜி தின்னுக்கிட்டு நின்ன எவனோ ஒருத்தன் எங்க கல்யாணத்த நெனச்சுக்கிட்டு அலையுதான்" என்று அவள் அதன்பிறகு பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தாள். அதனால் புன்னைத்துறைக்காரர்கள் எதற்கானாலும் ஊரிலேயே, கன்னியர் மடத்து மருந்தகத்தில்தான் சூடு வைத்துக்கொள்வார்கள்.

அந்த மருந்தகத்து பெஞ்சியில் பன்னிரண்டு நாளாக வந்து உட்கார்ந்துவிட்டு, மனசு வராமல் திரும்பிப் போய்க்கொண்டிருந்தாள் ஜெசிந்தா.

ஜெசிந்தா பயந்தவள். தூத்துக்குடி கான்வென்ட்டில் போர்டிங்கில் தங்கிப் படித்துவிட்டு, கஸ்பாரைக் கட்டிக்கொண்டு புன்னைத்துறைக்கு வந்தவள். பல்லிக்குப் பயம், கிணற்றுக்குப் பயம், இடி இடித்தால் ஜெபமாலையை எடுத்துக்கொண்டு கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் போய் உட்கார்ந்துவிடுகிற பயம். பிள்ளை பிறந்ததிலிருந்து விக்கலுக்குப் பயம், விக்கல் நின்றால் ஏன் நின்றது என்று பயம். இப்போது பிள்ளைக்கு இருபத்தொரு நாள். ஒன்பதாம் நாள் கொடி விழுந்த இடம் காயவில்லை. தொப்புளுக்குள் ஒரு மாதுளை முத்து அளவுக்குச் சிவப்பாகச் சதை முளைத்து, நீர் கசிந்து, சட்டையில் வட்டமாகக் கறை வைத்தது.

"இதுக்கு ஆணியும் வேணாம், ஊசியும் வேணாம். வெள்ளி மருந்துக் குச்சி வெச்சுத் தொட்டாப் போதும், நெருப்பில்லாமலே சுட்டுடும். அந்த இடத்துல வலிக்கவும் வலிக்காது" என்றார் சிஸ்டர் பெர்க்மான்ஸ். திருச்சிப் பக்கத்துக்காரர், இருபத்திரண்டு வருஷமாகப் புன்னைத்துறையின் எல்லாக் காயத்தையும் பார்த்தவர். வந்த புதிதில் புகையை நம்பாமல் சிரித்தவர், ஒருநாள் ஐஸ் கம்பெனிக்காரர் ஒருவரின் முழங்கைக்குச் சூடு வைத்தபோது மூச்சைப் பிடிக்க மறந்து, அன்றிலிருந்து தான் ஒரு காளையை அடக்கியதாக ஞாபகம் வைத்துக்கொண்டிருக்கிறார்.

வலி இல்லை என்பது ஜெசிந்தாவுக்குத் தெரியும். அவள் பயம் அதற்கில்லை. கைக்குக் கை பிடித்தது, காலுக்குக் கால் நடந்தது என்றால், தொப்புளுக்கு? இருபத்தொரு நாள் பிள்ளையின் தொப்புளில் என்ன ஞாபகம் இருக்கும், அவள் வயிற்றுக்குள் இருந்த பத்து மாதத்தைத் தவிர? அந்தப் பத்தில் ஏழு மாதம் கஸ்பார் இருந்தான்.

மீனை ஏலக்கூடத்தில் இறக்கிவிட்டு, குளித்து, மத்தியானச் சோறு தின்றுவிட்டு, அவள் பக்கத்தில் படுத்துக்கொள்வான் கஸ்பார். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத டீசல் வாடையோடு, சின்ன வெங்காயம் கடித்த வாயோடு, முதலில் ஒரு இருமல் இருமித் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, இரண்டு விரலால் அவள் வயிற்றில் கதவைத் தட்டுவதுபோலத் தட்டி, "என்ன தண்டலே, உள்ள நீவாடு எப்படி இருக்கு?" என்பான். படகை நடத்துகிறவனுக்குத் தண்டல் என்று பெயர். கடல் அடியில் எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதுதான் நீவாடு. அவள் குரலைப் பொடியாக்கிக்கொண்டு, "நீவாடு நல்லாருக்கு, வலைய எறக்கலாம்" என்று உள்ளே இருப்பவனுக்காகப் பதில் சொல்வாள். சொல்லிவிட்டுச் சிரித்தபடியே தூங்கிப்போவாள். அவள் தூங்கியபிறகும் அவன் வயிற்றோடு என்னவோ பேசிக்கொண்டேயிருப்பான். தூக்கத்தின் ஓரத்தில் அந்த முணுமுணுப்பு மட்டும், அடுத்த வீட்டு ரேடியோ மாதிரி, வார்த்தை பிரியாமல் கேட்கும். விழித்ததும் கேட்டால், "அது எங்க ரெண்டு பேருக்குள்ள" என்பான்.

ஏழாம் மாதம் கச்சான் காற்றில் போன படகு திரும்பி வந்தது, கஸ்பார் வரவில்லை. அவள் தூங்கிவிட்டதால் கேட்காமல் போன அந்தப் பேச்சு முழுவதும் உலகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. அது இப்போது கசிந்துகொண்டிருந்தது.

"நானே நிக்கேன் சிஸ்டர். வேற யாரும் வேணாம்."

"நீ நிக்கக் கூடாதேம்மா. பெத்தவ நின்னா ரெண்டும் கலந்துடும்னு உங்க ஊர்லதானே சொல்றீங்க. எது உன்னோடது, எது அவனோடதுன்னு பிரிக்க முடியாம, நாளைக்கு அவனுக்குச் சொல்லிக் குடுக்கறதுக்கு ஒண்ணும் மிஞ்சாது."

இதைக் கேட்டுக்கொண்டே உள்ளே வந்தாள் இசபெல். கஸ்பாரின் அக்காள், சந்தையில் மீன் விற்கிறவள், அவள் குரல் வந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஆள் வருவாள்.

"இதுக்கு எதுக்குப் பன்னெண்டு நாளு? நான் நிக்கேன். என் கூடப்பொறந்தவன் பேச்சு எனக்கு வராம யாருக்கு வரணும்? ஏட்டி, புள்ளைய இங்க தா."

ஜெசிந்தா பிள்ளையைத் தரவில்லை. கஸ்பார் போனதிலிருந்து இசபெல் சந்தையில் தன் தம்பியைப் பற்றித் தினமும் ஒரு கதை சொன்னாள்; மீன் கூறுகட்டும்போதே சொன்னாள், தினமும் கொஞ்சம் மாற்றிச் சொன்னாள், திங்கட்கிழமை ஒரு சுறாவோடு சண்டை போட்ட கஸ்பார் வெள்ளிக்கிழமை மூன்று சுறாவோடு சண்டை போட்டான். கேட்டவர்கள் உச்சுக்கொட்டினார்கள். தன்னிடம் மிச்சமிருக்கிற ஒரு கஸ்பாரும் அந்தக் கூடைக்குள் போய்விடுவானோ என்று ஜெசிந்தாவுக்குத் திக்கென்றது.

"வேணாம் மயினி."

"ஏன் வேணாம்?"

"நீங்க சந்தையில சொல்லிருவீய."

மருந்தகத்தில் இருந்த இரண்டு பேர் தரையைப் பார்த்தார்கள். புகைக்கு நிற்க வருகிறவரைப் பார்த்து அப்படி ஒரு வார்த்தையைப் புன்னைத்துறையில் யாரும் சொன்னதில்லை.

"சரிதான்" என்றாள் இசபெல், முதல்முறையாக மெல்லிய குரலில். "படிச்ச புள்ள. தெரிஞ்சுதான் சொல்லுவ. அப்ப யாரு நிக்கப் போறா?"

"சிஸ்டரே நிக்கட்டும்."

"கூடப்பொறந்தவ ஆகாது, திருச்சிக்காரவ ஆகும்! நல்லாருக்குட்டி ஒன் ஞாயம்." மாராப்பை உதறிக்கொண்டு போனவள் வீட்டுக்குப் போகவில்லை. வெளியே சன்னலுக்குக் கீழே இருந்த படிக்கல்லில், யாருக்கும் முகம் காட்டாமல், சுவரில் தலையைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டாள்.

ஜெசிந்தா அன்றைக்கும் திரும்பிப் போயிருப்பாள். ஆனால் சிஸ்டர் பிள்ளையின் வயிற்றில் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு முகம் மாறினார். தொப்புளைச் சுற்றி இளஞ்சிவப்பாக ஒரு வளையம் தொடங்கியிருந்தது.

"இங்க பாரும்மா. இன்னைக்குச் சுடலேன்னா சீழ் பிடிக்கும். சீழ் பிடிச்சா என் கையில இல்ல, டவுனுக்குத்தான் கொண்டுபோகணும். அங்க நடக்கறது உனக்குத் தெரியும்."

பிள்ளையைப் பார்த்தாள். அது தன் முஷ்டியைத் தின்னப் பார்த்து, வாய் எங்கே இருக்கிறதென்று தெரியாமல் கன்னத்தை நக்கிக்கொண்டிருந்தது. கை நடுங்க நடுங்க, அதன் சட்டையைத் தானே தூக்கிவிட்டாள்.

காலையிலிருந்து கரண்டு இல்லை. கதவைச் சாத்தினார்கள். சன்னலையும் சாத்தத்தான் சாத்தினார்கள்; ஆனால் மாதுளை முத்து அளவுச் சதையை இருட்டில் எப்படித் தொடுவது என்று சிஸ்டர் சன்னலின் ஒரு கதவை மட்டும் ஒரு சாண் திறந்து வைத்தார். வெளியே முருங்கை இலைகூட அசையாத புழுக்கம், காற்று வர வாய்ப்பே இல்லை. மின்விசிறியின் சுவிட்சை யாரும் பார்க்கவில்லை. சூடு வைக்குமுன் மின்விசிறியை அணைக்கத் தெரியாத குழந்தைகூட அந்த ஊரில் கிடையாதுதான். ஆனால் ஓடாத மின்விசிறியை எதற்கு அணைப்பது?

சுற்றிலும் வாஸ்லின் தடவி, வெள்ளிக் குச்சியை நனைத்து, சிஸ்டர் அந்தச் சதையைத் தொட்டார். சிவப்பு சாம்பல் நிறமாயிற்று. பிள்ளை அழவில்லை. தொப்புளிலிருந்து வெற்றிலைக் காம்பு கனத்தில் ஒரு புகை எழுந்து, நேராக, அவசரமே இல்லாமல், கூரையைப் பார்த்துப் போயிற்று. ஜெசிந்தா மூச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். சிஸ்டர் குச்சியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு, முக்காட்டை ஒதுக்கிக்கொண்டு குனிந்தார்.

அந்த நேரம் பார்த்துக் கரண்டு வந்தது.

மூன்று இறக்கையும் ஒரு முறை முனகிவிட்டுச் சுழன்றன. ஜெசிந்தா புகையைப் பிடிக்கவில்லை, பிள்ளையின் ஈரத் தொப்புளில் காற்று படக்கூடாதென்று அதன் மேலே கவிழ்ந்துகொண்டாள். பழக்க தோஷத்தில் மூச்சையும் விடவில்லை. சிஸ்டர் "ஐயோ சுவிட்சு, சுவிட்சு" என்று ஓடினார். புகை கூரையில் மோதி, நாலாகப் பிய்ந்து, ஒரு சாண் திறந்திருந்த சன்னல் வழியாக மத்தியானப் புன்னைத்துறைக்குள் போய்விட்டது.

"எனக்கு ஒண்ணுமே வரலம்மா" என்றார் சிஸ்டர், நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஒரு இருமல் மட்டும் வந்தது. ஆம்பள இருமல்."

மூன்று நாளில் பிள்ளையின் தொப்புள் காய்ந்து பொருக்குவிட்டு, சங்கின் வாய்போலச் சுத்தமாகிவிட்டது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அழுகை வந்தது. சந்தோஷத்துக்கு எவ்வளவு, மற்றதற்கு எவ்வளவு என்று அவளால் பிரிக்க முடியவில்லை.

நாலாம் நாள் காலையில் வாசலில் மத்தியாசு நின்றான். வலை அறுந்த தகராறில் கஸ்பாரோடு ஆறு வருஷம் பேசாமல் இருந்தவன். கஸ்பாருக்கான துக்கப் பூசைக்குக்கூடக் கோவிலின் கடைசித் தூணுக்குப் பின்னால் நின்றுவிட்டுப் போனவன். இப்போது வந்து, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, பிள்ளையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்து, வெட்கப்பட்டு, இரண்டு விரலை நீட்டி, பிள்ளையின் வயிற்றில் கதவைத் தட்டுவதுபோல மெல்லத் தட்டினான்.

"என்ன தண்டலே, உள்ள நீவாடு எப்படி இருக்கு?"

குரல் மத்தியாசுடையதுதான். ஆனால் 'தண்டலே' என்பதில் அந்த லே-யை இழுத்த இழுப்பு மத்தியாசுடையது இல்லை.

"ஏன் இத வந்து கேக்கேன்னு எனக்கே தெரியல தங்கச்சி. கேக்காம இருக்க முடியல."

ஜெசிந்தா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். நாலு மாதமாக வெளியே வராத அந்தப் பொடிக் குரலில், "நீவாடு நல்லாருக்கு" என்றாள். "வலைய எறக்கலாம்."

அதன்பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். ஏலக்கூடத்துக் கணக்கப்பிள்ளைக்கு டீசலும் சின்ன வெங்காயமும் கலந்த வாடை வந்திருந்தது. வெங்காயமே தொடாத மனுஷன், இப்போது தட்டில் வெங்காயம் இல்லாவிட்டால் தேடினார். தொம்மைக்குக் கஸ்பார் படுத்துக்கொண்டு பாடுகிற ஒரு பாட்டின் இரண்டாவது அடி மட்டும் கிடைத்திருந்தது, முதல் அடி பால்காரியிடம் இருந்தது. இருவரையும் ஒரே பெஞ்சியில் உட்கார வைத்துப் பாடச் சொன்னால் முழுசாக வந்தது. "கல்யாணத்தத்தான் தொலச்சாரு, பாட்டையாவது வாங்கிட்டு வந்தாரே" என்றாள் தொம்மையின் பெண்சாதி. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு எல்லோருக்கும் சேர்த்து, வெதுவெதுப்பான இருட்டும், அதன் வெளியே இரண்டு விரல் தட்டும் சத்தமும் வந்திருந்ததால், அந்த வாரம் முழுவதும் வகுப்பில் யாராவது பெஞ்சியைத் தட்டினால் மற்றவர்கள் தூங்கிப்போனார்கள். தெருவில் பிள்ளையை எடுத்துக்கொண்டு போனால் நாலு வீட்டுக்கு ஒரு வீடு, "என்ன தண்டலே" என்று கூப்பிட்டது. ஞானஸ்நானத்தில் என்ன பெயர் வைத்தாலும் இனி அது ரிஜிஸ்டரில்தான் இருக்கப்போகிறது என்று ஜெசிந்தாவுக்குத் தெரிந்துவிட்டது.

எல்லாம் வந்தது. ஆனால் எல்லாமே அவளுக்குத் தெரிந்ததுதான். அவள் தூங்கியபிறகு பேசிய பேச்சை மட்டும் யாரும் கொண்டுவரவில்லை.

இசபெல் வரவே இல்லை. சந்தையில் அவள் இப்போது கஸ்பார் கதை சொல்வதில்லை என்றார்கள். "விலையக்கூட மெதுவாத்தான் சொல்லுதா, காது கொடுத்துக் கேக்க வேண்டியிருக்கு" என்று சந்தைக்குப் போனவர்கள் அதிசயப்பட்டார்கள். பழைய கதையில் ஒன்றைக் கேட்டால், "அதெல்லாம் எதுக்கு" என்று தண்ணீரைத் தெளித்து மீனைத் திருப்பிப் போட்டாளாம். அன்றைக்குச் சொன்ன வார்த்தையின் கோபம் அது என்று நினைத்தாள் ஜெசிந்தா. இரண்டு முறை இசபெல் வீட்டுத் திருப்பம்வரை போய், பயந்து திரும்பினாள்.

மாதா திருவிழா வந்தது. கொடியேற்றத்துக்கு மறுநாள், வானம் கருத்துக்கொண்டு, மழை வருமோ வராதோ என்று இருந்த மத்தியானத்தில், முற்றத்தில் நாற்காலிகள் போட்டார்கள். மற்றவர்களுக்கெல்லாம் எதிரே ஒருவர்தான்; ஜெசிந்தாவுக்கும் பிள்ளைக்கும் எதிரே கிடந்த நாற்காலிக்கு மட்டும் ஊரே வரிசையில் நின்றது. ஒவ்வொருவராக எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, இருமலைக் கொடுத்தார்கள், வாடையைச் சொன்னார்கள், பாட்டைப் பாடினார்கள். ஐந்து மாதத்துப் பிள்ளை எல்லோரையும் பார்த்துப் பொக்கை வாயால் சிரித்தது.

வரிசை முடிந்தபிறகு இசபெல் வந்தாள். நாற்காலியை இழுத்து, முட்டியோடு முட்டி இடிக்கிற அளவு பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

"அன்னைக்குப் படிக்கல்லுல உக்காந்துட்டு இருந்தேன். ஒன்ன ஏசிக்கிட்டு, வாயத் தொறந்து இருந்தேன். மொதப் பொகை நேரா எனக்குத்தான் வந்துச்சு."

"மயினி..."

"இரு. இது ஒன்கிட்டச் சொல்லுததுக்கு இல்ல. புள்ளைக்குச் சொல்லுதது. நீ கேக்கணும்னா கேட்டுக்க."

"ஏன் மயினி இத்தன நாள் சொல்லல?"

"சொல்லுத நாளு இன்னைக்குத்தான். நான் சந்தையில சொல்லிருவேன்னு நெனச்சேல்ல?"

ஜெசிந்தா தலையைக் குனிந்துகொண்டாள். இசபெல் தொண்டையைச் செருமிக்கொண்டு, இரண்டு விரலால் பிள்ளையின் வயிற்றைத் தட்டினாள். ஊருக்கே கேட்கிற குரல் உடைய அந்தப் பெண், இருவருக்கு மட்டும் கேட்கிற குரலில் பேசினாள்.

"தண்டலே, உங்கம்ம தூங்கிட்டா. இப்பச் சொல்லுதேன் கேட்டுக்க. அவ பயந்தவ. பல்லிக்குப் பயப்படுவா, இடி இடிச்சா கட்டிலுக்குப் பொறத்தால போய் ஒளிஞ்சுக்குவா. என்னக் கட்டிக்கிட்டு இந்தக் கடக்கரைக்கு வரவும் பயந்தா. ஆனா வந்துட்டா பாத்தியா? அவ அப்படித்தான். பயந்துக்கிட்டே இருப்பா, பயந்துக்கிட்டே எல்லாத்தையும் செஞ்சுருவா. நீ வெளிய வந்தப்பொறவு அவ கை நடுங்குனா, நடுங்குத கைதானேன்னு நெனச்சுராத, கெட்டியாப் பிடிச்சுக்க. அப்புறம், இடி விஷயம் நமக்குள்ள இருக்கட்டும். யார்ட்டயும் சொல்லிராத."

சொல்லிவிட்டு இசபெல் மூக்கை உறிஞ்சி, முந்தானையால் முகத்தைத் துடைத்து, "இவ்வளவுதான். இதத்தான் தெனமும் சொல்லியிருக்கான். ஒருநாளாவது மாத்திச் சொல்லியிருக்கலாம்" என்றாள்.

அப்போது கடலுக்கு மேலே, கோவில் மணிகள் அதிரும்படி, அந்த வருஷத்தின் முதல் இடி இடித்தது. நாற்காலியில் இருந்த ஜெசிந்தாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் கை நடுங்கியது. மடியில் இருந்த பிள்ளை அண்ணாந்து அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தது, அவள் விரலை முழுக் கையாலும் பிடித்துக்கொண்டது, யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.